புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இன்டர்ன்ஷிப்: செட்டிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் மூன்றாண்டுப் பாடம் முடிந்ததும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று நம் பக்கத்திலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் குறைவு என்பதால், முன்னால் போய் வந்த ஒருவரைப் பிடித்து விவரம் கேட்கலாம் என்றால் ஆள் கிடைப்பதில்லை. அந்த ஓராண்டை முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாடத்தைவிடக் காகிதங்கள்தாம் என்னை அலைக்கழித்தன. நான் விண்ணப்பித்த ஒரு மருத்துவமனையின் அலுவலகத்தில் என் கோப்பு மேசைக்கு மேசை மாறிக்கொண்டே இருந்தது. உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் வருவதற்கும் காலம் பிடித்தது. அந்த நாள்களில் இயந்திர அறைக்குள் நின்று கற்றிருக்க வேண்டியவற்றைப் பிறகு அவசர அவசரமாகக் கற்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அது நேரக் கூடாது.

1. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அமையும். கொஞ்சம் துணிந்தவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். மருத்துவமனையின் பெயரையோ கட்டடத்தின் பளபளப்பையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். துறையின் மூத்த தொழில்நுட்பரை நேரில் பார்த்துச் சில விவரங்களைக் கேளுங்கள். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் எத்தனை, கதிரியக்கக் கோபால்ட்டைக் கொண்டு கதிர் கொடுக்கும் கோபால்ட் இயந்திரம் இன்னும் ஓடுகிறதா, கதிரியக்கப் பொருளைக் கட்டியின் உள்ளேயோ அருகிலோ வைத்துச் செய்யும் ப்ரேக்கிதெரபி வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது, சிகிச்சையைத் திட்டமிடப் படம் எடுக்கும் சி.டி. சிமுலேட்டர் துறைக்கே சொந்தமா, வெளியிலிருந்து வரும் பயிற்சி மாணவரை நோயாளியைப் படுக்க வைக்கும் வேலையில் சேர்த்துக்கொள்கிறார்களா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறார்களா என்பவை அவை. கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் ஓராண்டின் தரத்தைத் தீர்மானிக்கும்.

புதிதாக இயந்திரம் வாங்கியிருக்கிறோம் என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அது சிகிச்சைக்கு ஓடத் தொடங்கிவிட்டதா என்று தனியாகக் கேளுங்கள். இயந்திரம் வந்து இறங்கினாலும், நிறுவி, அளந்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இயக்க உரிமம் பெற்ற பிறகே நோயாளிக்குக் கதிர் கொடுக்க முடியும். அதுவரை பயிற்சி மாணவருக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மதுரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசு இராசாசி மருத்துவமனையின் பிரதான வளாகம் பனகல் சாலையில் இருக்கிறது. அதன் புற்றுநோய் மையமோ பாலரெங்காபுரத்தில் தனியாக இருக்கிறது. எந்தக் கையெழுத்துக்கு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே விசாரிக்காவிட்டால், இரண்டுக்கும் இடையில் ஆட்டோவில் போய் வந்தே ஒரு நாள் கழிந்துவிடும்.

2. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை

முதலாவது ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. மருத்துவமனைகள் கேட்கும் சான்றுகளில் அவசரத்துக்கு வாங்க முடியாதது இது ஒன்றுதான். முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவதும் போட வேண்டும். மூன்றும் முடிந்து ஓரிரு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் சில இடங்களில் கேட்கிறார்கள். ஆகவே மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அட்டையில் மூன்று தேதியும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, பெயர். இதில் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் ஐயா பெயர், அப்பா பெயர் என்று இரண்டு மூன்று தலையெழுத்துகள் (இனிஷியல்) வரிசையாக நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவை எழுத்துகளாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கல்லூரி அடையாள அட்டையிலோ ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். பேட்ஜுக்கான பதிவில் ஒரு பெயரும் பயிற்சிச் சான்றிதழில் வேறொரு பெயரும் ஏறிவிட்டால், வேலைக்குப் போகும்போது இருவரும் ஒருவரே என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பித்தால் முடிந்து கைக்கு வர நாளாகும். கடைசி மாதத்தில் தொடங்காதீர்கள்.

3. விண்ணப்பமும் கோப்பும்

கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், இதுவரையிலான மதிப்பெண் பட்டியல்கள், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களின் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், உடல்தகுதிச் சான்று, இரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை முடிவு, தடுப்பூசி அட்டை ஆகியவை எங்கும் கேட்கப்படும். இவற்றில் மூன்று செட் எடுத்து வையுங்கள். ஒன்று டீன் அலுவலகத்தில் தங்கிவிடும். ஒன்று துறையில் தங்கும். மூன்றாவது, முதலிரண்டில் ஒன்று காணாமல் போகும் நாளுக்கு.

கடிதத்தில் பயிற்சி தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். "ஓராண்டுக்கு அனுமதிக்குமாறு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எந்த நாளிலிருந்து என்ற கேள்வியுடன் கோப்பு திரும்பி வரும். அரசு மருத்துவமனைகளில் சில இடங்களில் டீன் அனுமதியே போதும். சில கோப்புகள் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம் வரை போய்த் திரும்பும். எதுவாக இருந்தாலும் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருக்காமல், நேரில் கொடுத்து, உங்களிடம் உள்ள நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு எங்கே என்று அடுத்த முறை கேட்கப் போகும்போது அந்த முத்திரைதான் உங்களுக்காகப் பேசும்.

வெளிக் கல்லூரி மாணவர்களிடம் பல மருத்துவமனைகள் பயிற்சிக் கட்டணம் வாங்குகின்றன. அது டிமாண்ட் டிராஃப்டாகக் கேட்கப்பட்டால், யார் பெயருக்கு, எந்த ஊரில் மாற்றத்தக்கதாக எடுக்க வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். டிராஃப்ட் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அனுமதி ஆணை கைக்கு வரும் முன்பே ஆர்வத்தில் எடுத்து வைத்தால், ஆணை வருவதற்குள் அது காலாவதியாகிவிடலாம்.

4. தங்குமிடமும் செலவும்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்பதால், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். இயந்திரத்தின் காலைப் பரிசோதனை முதல் நோயாளி வருவதற்கு முன்பே நடக்கிறது. அதைத் தவறவிடும் மாணவர் பாதிப் பாடத்தைத் தவறவிடுகிறார். மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்து, ஏழரை மணிக்குள் துறையில் நிற்பது ஓரிரு வாரம் நடக்கும், ஓராண்டு நடக்காது. சாப்பாட்டோடு சேர்த்து விடுதிக்கு மாதம் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் தனி. உதவித்தொகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றாலும் முதல் மூன்று மாதத்துக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

5. டி.எல்.டி. பேட்ஜ்

உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யும் இந்தச் சிறிய அட்டை இல்லாமல் இயந்திரப் பகுதிக்குள் உங்களைப் பணிக்கு விடக் கூடாது. எனவே சேர்ந்த முதல் நாளே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, பேட்ஜுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பேட்ஜுகள் மூன்று மாதச் சுற்றில் மாற்றப்படுகின்றன. ஒரு சுற்று தொடங்கியபின் போய்ச் சேர்ந்தால், உங்கள் பேட்ஜ் வரும்வரை வகுப்பறையிலும் திட்டமிடல் அறையிலும் உட்கார வைப்பார்கள். சேரும் தேதியை உங்களால் முடிவு செய்ய முடியும் என்றால், அடுத்த சுற்று எப்போது தொடங்குகிறது என்று முன்பே கேட்டு, அதற்குச் சில வாரம் முன்னதாகப் பெயரைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

பேட்ஜை மார்பு மட்டத்தில் அணிய வேண்டும். வேலை முடிந்ததும், ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைக்கும் கட்டுப்பாட்டு பேட்ஜ் இருக்கும் கதிர்வீச்சு இல்லாத இடத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். விடுதிக்கு எடுத்துச் செல்வது, கோட்டுடன் சேர்த்துத் துவைக்கப் போடுவது, நண்பருக்கு ஒரு நாள் இரவல் கொடுப்பது, சிகிச்சை அறை மேசையில் மறந்து வைப்பது எல்லாம் விபரீதத்தில் முடியும். அறைக்குள் கிடந்த பேட்ஜ் பெரிய அளவைக் காட்டினால், அது உங்கள் உடல் வாங்கியதா, அட்டை மட்டும் வாங்கியதா என்று விசாரணை நடக்கும். உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் அப்போது பேட்ஜைக் கழற்றி வைத்துவிடுங்கள்; அது பணியில் வாங்கும் அளவை மட்டுமே காட்ட வேண்டும்.

அளவைப் பற்றி வீட்டில் பயப்படுவார்கள். என் அம்மாவும் பயந்தார்கள். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. முறையாக வேலை செய்கிறவர்களின் அளவு அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டரில் கதிரை நிறுத்தியதும் கதிர் இல்லை. கோபால்ட்டிலோ மூலம், அதாவது கதிரை வெளியிடும் பொருள், எப்போதும் உயிரோடு இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அதற்கேற்ற எச்சரிக்கையோடு இருங்கள்.

6. இயந்திர அறையில் முதல் வாரங்கள்

முதல் வாரத்தில் எதையும் தொடாமல், எங்கே எது இருக்கிறது என்று மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அவசர நிறுத்தச் சிவப்புப் பொத்தான்கள் எத்தனை, எங்கெங்கே. கதவு திறந்தால் கதிர் நிற்கிறதா. அறையை விட்டுக் கடைசியாக வெளியே வருபவர் அழுத்தும் பொத்தான் எது. கோபால்ட் மூலம் தன் பாதுகாப்புக் கூட்டுக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் யார் உள்ளே போக வேண்டும், யார் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் பயிற்சி மாணவர் உள்ளே போகக் கூடாதவர் பட்டியலில்தான் இருக்கிறார். வீரம் காட்ட வேண்டாம்.

காலைப் பரிசோதனையில் நோயாளியைச் சரியான இடத்தில் படுக்க வைக்க உதவும் லேசர்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, வெளியீட்டு அளவு, அதாவது இயந்திரம் கொடுக்கும் கதிரின் அளவு, வழக்கமான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தினசரி வெளியீடு 3 சதவீதத்துக்குள்ளும், லேசர்கள் 2 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். கோபால்ட்-60 மூலத்தின் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் தேய்கிறது. ப்ரேக்கிதெரபியில் பயன்படும் இரிடியம்-192 ஒரே நாளில் ஏறத்தாழ அந்த அளவு தேய்ந்துவிடுகிறது. போன மாதம் அதே அளவுக்குக் கொடுத்த நேரம் இந்த மாதம் ஏன் கூடியிருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். காலைப் பதிவேட்டைத் தொடர்ந்து பார்த்திருந்தால் பதில் தானாக வரும்.

பிறகு நோயாளி அடையாளம். எனக்கு மிக முக்கியமாகப்படுவது இதுதான். நம் பக்கத்துப் பெண்களில் மீனாட்சி, வள்ளியம்மை, உமையாள், அழகம்மை என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே நாளில் இரண்டு வள்ளியம்மை வரிசையில் உட்கார்ந்திருப்பது அபூர்வம் இல்லை. "வள்ளியம்மை ஆச்சியா?" என்று கேட்டால், காது கொஞ்சம் மந்தமான எந்த ஆச்சியும் ஆமாம் என்று தலையாட்டி எழுந்து வந்துவிடுவார். "உங்க பேரு என்ன ஆச்சி, எந்த ஊரு?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, கோப்பில் உள்ள படத்தோடும் மருத்துவமனை எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இதைச் சுருக்காதீர்கள்.

7. மாஸ்க் செய்யும் அறை

தலை, கழுத்துப் பகுதிச் சிகிச்சைக்கு வருபவருக்கு முகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் தெர்மோபிளாஸ்டிக் மாஸ்க் செய்வார்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பை விடாதீர்கள். வெள்ளையாக, விறைப்பாக இருக்கும் அந்த வலைத்தட்டு வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் மெல்ல மெல்ல ஒளி ஊடுருவும்படி இளகும். அதை இரண்டு பேர் எடுத்து, துண்டில் நீரை ஒற்றிவிட்டு, நோயாளியின் நெற்றியிலிருந்து நாடிவரை இழுத்துப் பலகையில் மாட்டுவார்கள். மூக்குப் பாலத்திலும் நாடியிலும் விரலால் அழுத்தி அச்சு எடுப்பார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். அந்தச் சில நிமிடமும் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுவதுபோல இருக்கும். மாணவராக உங்களுக்கு அங்கே ஒரு வேலை உண்டு: முன்கூட்டியே சொல்வது. "வெதுவெதுன்னு ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும் ஆச்சி, ஓட்டை வழியா மூச்சு தாராளமா விடலாம், பேச வேணாம், கையை மட்டும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதிப் பயம் போய்விடுகிறது.

மூக்குத்தி, தோடு ஆகியவற்றை மாஸ்க் செய்யும் முன்பே கழற்றியிருக்க வேண்டும். சி.டி. படத்தில் உலோகம் கீற்றுக் கீற்றாக விழுந்து திட்டமிடுதலைக் கெடுக்கும் என்பதோடு, மாஸ்க் செய்யும்போது இருந்த மூக்குத்தி பிறகு இல்லாமல் போனால் பொருத்தமும் மாறும். பல ஆண்டாகக் கழற்றாத திருகு மூக்குத்தியை அங்கே வைத்துக் கழற்ற முயன்றால் இரத்தம் வந்துவிடும். முதல்நாளே சொல்லி, ஆசாரியிடம் போய்க் கழற்றி வரச் சொல்லுங்கள். மார்பகச் சிகிச்சைக்கு வருபவரின் தாலிச் சங்கிலியைப் பற்றிப் பெண் பணியாளர் ஒருவரே தனியாகப் பேச வேண்டும். தங்கச் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துவரலாம் என்று சொன்னால் பெரும்பாலோர் நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

தோலில் போடும் அடையாளக் கோடுகள் அழியக் கூடாது என்பதை நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், வீட்டில் அவரைக் குளிப்பாட்டுபவரிடமும் சொல்லுங்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை கோடே இல்லாமல் வந்து நிற்பது வழக்கமாக நடக்கிறது.

8. நோயாளியோடும் வீட்டாரோடும் பேசுதல்

நம் ஊர்களிலிருந்து வருபவர்கள் கதிர்வீச்சைக் "கரண்ட்" என்றுதான் சொல்வார்கள். "இன்னும் எத்தனை கரண்ட் பாக்கி, தம்பி?" என்று கேட்பவருக்கு அதே சொல்லிலேயே பதில் சொல்லுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஏழு வாரம் வரை, 33 முதல் 35 முறை கொடுப்பது வழக்கம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு எத்தனை என்பதைக் கோப்பைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

நடுவில் நாள் விடுவதைப் பற்றி மென்மையாகவும் உறுதியாகவும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தலை, கழுத்துச் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா வந்தால், ஊருக்குப் போய்ப் பால்குடம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். "முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னால் சொல்லாமலே போய்விடுவார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சனி, ஞாயிறில் போய்வர முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

இன்னொரு நிலைமைக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். "அப்பாவுக்குக் கட்டின்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம், தம்பி, நீங்க ஏதும் சொல்லிராதீங்க" என்று மகன் வந்து கையைப் பிடிப்பார். பத்து நிமிடம் கழித்து அந்த அப்பாவே, படுக்கையில் படுத்தபடி, "எனக்கு என்ன நோயின்னு உனக்குத் தெரியும்ல?" என்று கேட்பார். பொய் சொல்லாதீர்கள், உண்மையை உடைத்துச் சொல்வதும் உங்கள் பொறுப்பு அல்ல. "டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா, இன்னைக்கே உங்கள கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்டார் என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பதும் உங்கள் கடமை.

சொந்த ஊர்க்காரர் நோயாளியாக வருவதும் நடக்கும். அவர் வந்ததை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வாய் வார்த்தையாகப் போய்விட்டால், அந்தக் குடும்பத்துப் பெண்ணின் திருமணப் பேச்சு வரை அது போய் நிற்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்பார்கள். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை, மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவு இருக்கிறது என்ற அளவில் வழிகாட்டி, அங்கே அனுப்பிவையுங்கள். எது அடங்கும், எது அடங்காது என்று நீங்களாக உறுதி கொடுக்காதீர்கள்.

9. பதிவேடு

அன்றன்று எழுதுங்கள். உடலின் எந்தப் பகுதி, படுத்த நிலை, அசையாமல் பிடிக்கப் பயன்பட்டது எது, எத்தனை முறை, சரிபார்ப்புப் படம் எடுத்தார்களா, நீங்கள் பார்த்தீர்களா அல்லது கை கொடுத்துச் செய்தீர்களா என்பவை இருந்தால் போதும். நோயாளி பெயர் வேண்டாம். கையெழுத்தை வாரந்தோறும் வாங்கிவிடுங்கள். மொத்தமாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், உங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் தாம் பார்க்காததற்குக் கையெழுத்திட மாட்டார், அது நியாயமும்கூட.

10. முடிக்கும்போது

எடுத்த விடுப்பைக் கணக்கிட்டு, நீட்டிக்க வேண்டிய நாள்கள் உண்டா என்று கடைசி மாதத்துக்கு முன்பே துறை அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழில் தொடக்கத் தேதி அனுமதி ஆணையில் உள்ள தேதியோடு ஒத்துப்போக வேண்டும். பெயரும் தலையெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். துறைத் தலைவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இருவரின் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். ஊருக்கு வந்த பிறகு பிழை கண்டால் மறுபடி பேருந்து ஏற வேண்டும்.

பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் தனி எண்ணையும் அதுவரையிலான அளவு அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணியாளர்களின் அளவுகள் தேசியப் பதிவேட்டில் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. அடுத்து எந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாலும் இதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். புதியவர் என்று சொல்லி இரண்டாவது எண் வாங்கினால் பதிவு இரண்டாக உடையும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா தளத்தில் கதிர்வீச்சுப் பணியாளராகப் பதியும்போது பட்டச் சான்றிதழும் இந்த எண்ணும் கையில் இருந்தால், சேரும் மருத்துவமனை உங்களைத் தன் பணியாளர் பட்டியலில் இணைப்பது எளிதாக முடிந்துவிடும்.